வாள் இறங்கிய பதினொரு ஃபிரேம்

போன மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த கொட்டகைக்காரர்கள் புது மெஷின் வைத்திருப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். மெஷின் என்றால் பீரோ மாதிரி ஒரு பெட்டி. ரீல் இல்லை, வெளிச்சத்துக்கு எரிக்கிற கார்பன் குச்சி இல்லை, மேலெல்லாம் வெந்துபோகிற சூடு இல்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு இளைஞர்களும் நல்ல பிள்ளைகள். நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார்கள். அதில் ஒருவர் கேட்டார்: "ஐயா, உங்க காலத்துல படம் நடுவுல அறுந்துபோனா என்னா செய்வீங்க?"

"ஒட்டுவோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் மெஷின் ஓட்டியவன் நான். என் கையால் போட்ட ஒட்டு ஒன்றே ஒன்றுதான் ஓடும்போது விட்டிருக்கிறது. அந்த ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைப் பற்றிப் பெருமை பேசினால் யோக்கியமாக இருக்காது. பெருமை பேசத்தான் போகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொழில் கற்றது கடலூரில். நாலு வருஷம் ரீல் சுற்றி, மெஷின் துடைத்து, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். அதில் எழுத ஒன்றுமில்லை. ஐம்பத்து நாலில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அடுத்த வருஷம் அங்கே முத்தியால்பேட்டையில் பெண் எடுத்தேன். மனைவி தனத்தின் ஊரிலேயே வேலையும் கிடைத்தது. பெரிய கடை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கொட்டகையில் இரண்டாவது ஆப்பரேட்டர்.

முதல் ஆப்பரேட்டர் முசே அந்துவான். ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவருடையது. அந்தக் குடும்பத்து ஆண்களை 'முசே' என்றுதான் கூப்பிடுவோம். அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வியட்நாமின் சைகோன் வரைக்கும் போய், அங்கே சிப்பாய்களுக்குப் படம் ஓட்டியவர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மெஷின் எண்ணெயும் கார்பன் தூளும் பறக்கிற இடத்துக்கு வெள்ளைக் கால்சட்டை போட்டு வருவார். மாலையில் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவர் திட்டமாட்டார். நான் செய்தது தப்பாக இருந்தால், வாயைத் திறக்காமல் அதைப் பிரித்துவிட்டு, என் கண் முன்னாலேயே சரியாகச் செய்து காட்டுவார். பிறகு தான் செய்ததையும் பிரித்து என்னிடம் கொடுப்பார். 'அலோர்' என்பார். 'சரி, ஆகட்டும்' என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

அவருடைய கேபினுக்கென்று, அதாவது மெஷின் அறைக்கென்று, சில சட்டங்கள் இருந்தன. தினமும் காலையில் எல்லா ரீலையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கையுறை கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஃபிலிமின் இரண்டு ஓரத்திலும் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். ஒரு ஃபிரேமுக்குப் பக்கத்துக்கு நாலு ஓட்டை. அதில் ஒன்று கிழிந்திருந்தாலும் விரலில் முள் மாதிரி உரசும். உரசினால் நிறுத்தி, கிழிசலை வெட்டி எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஒட்டுவதில்தான் சூட்சுமம். ஃபிலிமின் ஒரு பக்கத்தில் படம் பதிந்த பூச்சு இருக்கும். அதைப் பிளேடால் சுத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் பசை தடவ வேண்டும். கொஞ்சம் பூச்சு மிச்சமிருந்தாலும் பசை அதன் மேலேதான் பிடிக்கும், அடியில் பிடிக்காது. கையில் இழுத்துப் பார்த்தால் உறுதியாக இருக்கும். மெஷின் சூட்டில் போனால் விட்டுவிடும். அழுத்திப் பிடித்து இருபது எண்ண வேண்டும். அவர் பிரெஞ்சில் எண்ணுவார், நான் தமிழில் எண்ணுவேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் இன்னொன்று. வெட்டி எடுத்த ஃபிரேம் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. அதைக் காகித உறையில் போட்டு, ரீல் எண்ணை எழுதி, ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டியில் வைப்பார். எத்தனை ஃபிரேம் குறைந்தது, ஏன் குறைந்தது, யார் பொறுப்பு என்று ஒரு நோட்டில் பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். கடலூரில் கதையே வேறு. கதாநாயகி முகம் நாலு ஃபிரேம், சண்டை ஐந்து ஃபிரேம் என்று ஆப்பரேட்டர்கள் வெட்டிச் சிநேகிதர்களுக்குக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். எல்லாக் கொட்டகையிலும் நடந்ததுதான். ஒருமுறை நான் அதை முசேயிடம் சொன்னேன். "ஒருத்தன் மூக்க அறுத்து இன்னொருத்தனுக்குக் குடுக்கறதா?" என்று மட்டும் கேட்டார்.

கொடி மாறி மூன்று நாலு வருஷம் ஆனபோது அந்த இந்திப் படம் வந்தது. பெயர் எங்கள் யார் வாயிலும் சரியாக நுழையவில்லை. ஊரே அதைக் 'குதிரைக்காரன் படம்' என்றது. வடக்கே ஒரு கோட்டை. அதை ஆள்கிற வெள்ளைக்காரத் துரை ஒருவன். அவன் கொல்லன் ஒருவனைத் தூக்கில் போடுகிறான், கொல்லனின் மனைவியைச் சாட்டையால் அடிக்கிறான். மகன் மலையில் ஒளிந்து, குதிரை பழகி, அப்பா அடித்து வைத்த வாளோடு திரும்பி வருகிறான். கடைசி ரீலில் கோட்டைச் சுவர் மேல் சண்டை. வாள் இறங்குகிறது, துரை ஆற்றில் விழுகிறான்.

இந்தி யாருக்கும் தெரியாது. வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் தமிழில் இருந்தது. அதுவும் முடிவைச் சொல்லாமல் 'மீதியைத் திரையில் காண்க' என்று நின்றுவிட்டது. ஆகவே துரை செத்தானா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பார்க்கத் தவளக்குப்பத்திலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பலேறிப் போனான். நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடிபட்டவர்களுக்கு அவன் ஒரு தடவையாவது விழுவதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

அப்படி அடிபட்டவர்களில் ஒருவர் என் மச்சான் கோதண்டம், தனத்தின் அண்ணன். மில் தொழிலாளி. புதுச்சேரியை இந்தியாவோடு சேர்க்கச் சொன்ன இணைப்புக் கிளர்ச்சியில் பிரெஞ்சுப் போலீஸ் அடித்ததில் இடது கை முழங்கைக்குக் கீழே கோணி நின்றுவிட்டது. மில்லில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. படம் வந்த வெள்ளிக்கிழமை பார்த்தார், சனிக்கிழமையும் பார்த்தார். சனிக்கிழமை பகல் காட்சி முடிந்ததும் என்னைத் தேடி வந்தார்.

"மாப்ள, எனக்கு ஒரு துண்டு வேணும்."

"என்னா துண்டு மச்சான்?"

"வாள் எறங்குது பாருங்க, அந்த எடம். வேற எதுவும் வாணாம். பையில வச்சிக்கறேன்."

முசே சட்டத்தைச் சொன்னேன். கோதண்டம் கோபப்படவில்லை. கோணல் கையை மற்றக் கையால் தூக்கி என் முன்னால் காட்டினார். "இதுக்குக் கவருமெண்டு எனக்கு ஒண்ணும் தரல, நானும் கேக்கல. ஒங்க கிட்டதான் கேக்கறேன்" என்றார்.

எனக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முசே மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவார். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் கேபின் என் கையில் இருக்கும். கடைசி ரீலை எடுத்தேன். வாள் உச்சியிலிருந்து துரையின் தோள் வரைக்கும் இறங்குவது சரியாகப் பதினொரு ஃபிரேம். திரையில் அது அரை நொடிகூட இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். வெட்டினேன். பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தபோது இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பூசை சீக்கிரம் முடிந்திருந்தது. பாதி சுரண்டியதோடு பசையைத் தடவி அழுத்தினேன். இருபது எண்ண வேண்டிய இடத்தில் ஆறோ ஏழோ எண்ணியிருப்பேன். முசே உள்ளே வந்தபோது ரீல் பெட்டிக்குள் இருந்தது, பதினொரு ஃபிரேம் என் மடியில் இருந்தது.

மத்தியானம் கோதண்டத்திடம் உறையைக் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தார். மூன்றாவது தடவையாகப் படம் பார்க்க, மில் ஆட்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அந்தப் பகல் காட்சியில் கடைசி ரீலை ஓட்டியவனும் நான்தான். கோட்டைச் சுவர் வந்தது. தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வாள் உயர்ந்தது. மெஷினுக்குள் 'டக்' என்றது, திரை வெளுத்தது. நான் உறைந்து நிற்கும்போதே முசேயின் கை என்னைத் தாண்டி வந்து வெளிச்சத்தை மூடிவிட்டது. அறுந்த ஃபிலிமை மறுபடி மாட்ட வேண்டுமானால், மெஷினுக்குள் வளைத்து அடிச்சக்கரம் வரைக்கும் இழுத்துக் கொண்டுவர ஐந்தாறு அடி தேவை. அந்த ஐந்தாறு அடியில் இருப்பது திரைக்குப் போகாது. நாலு நொடிப் படம். துரை விழுவது முழுக்க அந்த நாலு நொடிக்குள்தான் இருந்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது கதாநாயகன் தாயைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"துரை எங்கடா?" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு கொட்டகை முழுக்க அதையே கேட்டது.

படம் முடிந்தும் கூட்டம் வெளியே போகவில்லை. கேபின் படிக்கு அடியில் வந்து நின்றது. தற்செயலாக அறுந்துவிட்டது என்று டிக்கெட் கிழிப்பவர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. கூட்டத்துக்கு முன்னால் கோதண்டம் நின்றார். "நேத்து விழுந்தவன் இன்னிக்கு ஏன் விழல? அவ்ளோ பெரிய படத்துல அந்த எடம் மட்டும் எப்பிடிங்க அறுவும்? மேல யாரு இருக்கான்? பிரெஞ்சுக்காரன் பென்ஷன் வாங்கறவன் இருக்கான். அவன்தான் அறுத்திருக்கான்."

தன் சட்டைப் பையில் இருந்த பதினொரு ஃபிரேமுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்குத் தோன்றவேயில்லை. சாண் நீளத் துண்டுதானே என்று அவர் அதை மறந்தே போயிருந்தார்.

முதலாளி மேலே ஏறி வந்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். "முசே, கூட்டம் கலையல. ஒங்கள அனுப்புனாதான் போவேன்றாங்க. கொஞ்ச நாளு வீட்ல இருங்க. கடலூர்லேர்ந்து ஆள் போட்டுக்கறேன்" என்றார். கொஞ்ச நாள் என்று அவர் சொன்ன விதத்திலேயே அது கொஞ்ச நாள் இல்லை என்று தெரிந்தது.

முசே கையில் ஃபிலிமின் அறுந்த முனை இருந்தது. கட்டைவிரலை அதன் மேல் ஓட்டினார். பாதி சுரண்டிய பூச்சு அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் போட்ட ஒட்டு இல்லை என்றால் அது யார் போட்டது என்பதற்கு அந்தக் கேபினில் இரண்டாவது பதில் கிடையாது. ஆனாலும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"கேபின் என்னுது. இங்க நடந்ததும் என்னுது" என்றார் முதலாளியிடம். "அலோர், ரெண்டு நிமிஷம் குடுங்க."

நான் பெரிய யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு நிமிஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். தனம் அப்போது ஆறு மாசக் கர்ப்பம். லைசென்ஸ் போனால் சோற்றுக்கு என்ன செய்வது என்று நினைத்தேன். இவருக்குப் பென்ஷன் இருக்கிறது, சமாளித்துக்கொள்வார் என்றும் நினைத்தேன். கீழே கூட்டம் எந்தப் பென்ஷனைச் சொல்லித் திட்டியதோ, அதையேதான் நானும் மனசுக்குள் பிடித்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த நிமிஷத்தில் முசே என்ன செய்தார் தெரியுமா? தேய்ந்த கார்பன் குச்சிகளை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டினார். இடைவெளியைக் குனிந்து பார்த்துச் சரிசெய்தார். லென்ஸைத் துடைத்தார். தன் இடத்துக்கு நாளைக்கு வரப்போகிற ஆளுக்காக மெஷினைத் தயார் செய்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. படியில் இறங்கிவிட்டேன்.

நேராகக் கோதண்டத்திடம் போனேன். "மச்சான், பையில இருக்கறத எடுங்க."

"அது எதுக்கு இப்ப?"

"எடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அவர் உறையைப் பிரித்தார். நான் வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தேன். கிட்டே நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். விரல் நகம் அளவுக்குப் பதினொரு துரை, பதினொரு வாள்.

"இத அறுத்தவன் நான். முசே பூசைக்குப் போனப்ப அறுத்தேன். அவரு வர்ற சத்தம் கேட்டு அரைகொறையா ஒட்டுனேன். அதான் விட்டுப்போச்சி. அவருக்கு ஒண்ணுமே தெரியாது" என்றேன். யாருக்காக அறுத்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கூட்டம் என்னைப் பார்த்தது. அடி விழப்போகிறது என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன். கோதண்டம் பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. மில்லில் அவர் மரியாதை அப்படியே இருந்திருக்கும். ஆனால் அவர் கோணல் கையை என் தோளில் போட்டார்.

"மாப்ளயக் கேட்டு வாங்குனவன் நானு. எம் பையிலதான் இருந்திச்சி. அத்த வச்சிக்கிட்டே இன்னொருத்தர் மேல பழி போட்டுட்டேன்" என்றார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து தவளக்குப்பத்துக் கிழவர் ஒருவர் கேட்டார்: "அது கெடக்கட்டும்பா. துரை செத்தானா, இல்லியா?"

படியின் மேலே முசே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. "உக்காருங்க. அர மணி நேரத்துல காட்டறேன்" என்றார். முதலாளி பக்கம் திரும்பி, கடைசி ரீலை எல்லாருக்கும் மறுபடி போட அனுமதி கேட்டார். முதலாளி தலையை ஆட்டினார். அந்த நேரத்தில் என்ன கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பார்.

கோதண்டத்தையும் மேலே கூப்பிட்டார். பதினொரு ஃபிரேமையும் ஒட்டும் வேலையை என்னிடமே கொடுத்தார். ஒட்டுப்போட விளிம்பு வேண்டும், அதற்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே திரும்பி ஏறியது ஒன்பதுதான். இரண்டு பக்கமும் பளிங்கு மாதிரி ஆகும் வரைக்கும் சுரண்டினேன். பசை தடவி அழுத்திப் பிடித்தேன். பக்கத்தில் நின்ற முசே பிரெஞ்சில் எண்ணினார். கோதண்டமும் சின்ன வயசில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். பாதியில் அவர் குரலும் சேர்ந்துகொண்டது.

ரீலை மாட்டினேன். முசே பார்வைத் துவாரத்தைக் கோதண்டத்துக்கு விட்டுக்கொடுத்துத் தள்ளி நின்றார்.

"தப்பாப் பேசிட்டேன் முசே" என்றார் கோதண்டம், திரையைப் பார்த்தபடியே.

"சைகோன்ல எத்தினியோ துரைங்களுக்கு சல்யூட் அடிச்சவன் நான். அவங்க எங்கள என்னா பேசுவாங்கன்னு ஒனக்குத் தெரியாது" என்றார் முசே. "இந்த எடம் வர்றப்ப நானும் ஒவ்வொரு ஷோவுக்கும் எட்டித்தான் பாக்கறேன்."

வாள் உயர்ந்தது. லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் ஓடும் 'கேட்'டில் இரண்டு ஒட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனதை என் விரல் நுனியில் உணர்ந்தேன். சின்ன உதறல்கூட இல்லை. வாள் இறங்கியது, துரை விழுந்தான். கீழே எழுந்த சத்தத்தில் கேபின் சுவர் அதிர்ந்தது. கோதண்டம் துவாரத்திலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை. முசேயும் நானும் அவர் முதுகைத்தான் பார்த்தோம். அது குலுங்கியது.

அன்று முதல் மூன்று வாரம் அந்தப் படம் ஓடியது. அந்த இரண்டு ஒட்டும் விடவில்லை. அதற்குப் பிறகு நான் போட்ட எந்த ஒட்டும் விட்டதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

அறுபத்திரண்டில் எந்தக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். முசேயின் பிள்ளைகள் அதற்கு முன்பே பிரான்சுக்குப் போய்விட்டிருந்தார்கள். அவரும் போவதென்று முடிவானது. கடைசி நாளன்று கேபின் சாவி, பிஸ்கட் பெட்டி, அந்த நோட்டு மூன்றையும் மெஷின் மேல் வைத்துவிட்டு, "அலோர், வேலாயுதம்" என்றார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் இறங்கிப் போனார்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. மறுநாள் கோதண்டம் வீட்டுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை மட்டும் படிக்கச் சொன்னேன். என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாரோ என்று அத்தனை வருஷமும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. கோதண்டம் விரலை வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டினார். இரண்டே வரி. தமிழில் சொன்னார்.

"கடைசி ரீல். கொறஞ்சது பதினொண்ணு, பொறுப்பு அந்துவான். திரும்பி வந்தது ஒம்போது, பொறுப்பு வேலாயுதம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோதண்டம் நோட்டை மூடவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எம் பேரு எங்க மாப்ள?"

"ஒங்க பேரு இல்ல மச்சான்."

"கேட்டவன் நான்தான?" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முதல் வரியில் அந்துவான் என்ற பெயருக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தை விட்டபின் ஒருநாளும் எழுதாத பிரெஞ்சு எழுத்தில், தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் அதே வரியில், அவர் பெயருக்குப் பக்கத்தில், தமிழில் எழுதினேன்.